நாயேன் என்னுஞ் சொல்

திருவாசகம் ஓதுவார் எவரும் தம்மை நாயென்று ஒரு முறையேனும் கூறாது அந்நூலை ஓதி முடித்தல் இயலாது. நாயேன், நாயடியேன், நாயினேன் என மணிவாசகப் பெருமான் தம்மைத் தாமே குறித்துக்கொள்ளும் இடங்கள் 51 பகுதிகளையுடைய அந்நூலில் மிகப் பல. நாடோறும் ஓதிப் பழகிய நாவுக்கு அச்சொல் தடையின்றி உருண்டோடும். உரை கூறுவாரும் 'தாழ்வு குறித்தது' என்றொரு தொடரால் அதனைக் கடந்து மேற்செல்வர். தெருவாயிலில் மண்ணிற் சுருண்டு கிடக்கும் உயிருக்கும் பூசையறையில் எழும் அச்சொல்லுக்கும் தொடர்பொன்று உண்டெனும் நினைவு ஓதுவார்க்குப் பெரும்பாலும் எழுவதில்லை. எழாமைக்குக் காரணமும் உண்டு. நூலில் வரும் நாய் கடிப்பதில்லை.

நாயைப் பற்றி முன்னோர் ஒருபடித்தாக எண்ணினாரல்லர். தன்னை வளர்த்தவன் எறிந்த படைக்கலம் மெய்யிற் பாய்ந்திருக்கும்போதும் அவனைக் கண்டு மகிழ்வது நாய் எனக் கொண்டு, யானையை விலக்கி நாயையே நட்பிற்கு எடுத்துக்காட்டியது நாலடியார். பாரதத்தின் 17ஆவது பருவத்தில், உடன்பிறந்தார் நால்வரும் தேவியும் வழியில் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்துபட, இறுதிவரை தருமனோடு நடந்தது ஒரு நாய். அதனை விடுத்து விண்ணுலகு புகேன் என அவன் மறுத்து நின்றான். சீருத்திரம் நாய்கட்கும் அவற்றை உடையார்க்கும் வணக்கங் கூறுகின்றது. வைரவக் கடவுட்கு ஊர்தியும் நாயே. சோமாசிமாற நாயனார் வேள்விக்கு இறைவன் இழிந்தார் வடிவில் எழுந்தருளிய ஞான்று, நான்மறைகளும் நான்கு நாய்களாய் உடன் வந்தன என்பது அம்பர் மாகாளத்தார் போற்றும் வரலாறு. இவ்வளவும் கற்றறிந்தவர் வீட்டிலும் நாய் திண்ணைக்கு மேல் ஏறுதல் இல்லை. ஏட்டில் வணங்கப்படுவதும் வாயிலில் விரட்டப்படுவதும் ஓருயிரே ஆதல் புதுமையாயினும், ஆசாரம் என்ற அளவில் அஃது எவர்க்கும் உறுத்துவதின்றி அமைந்துவிடும். ஒரு குடும்பத்தில் மட்டும் அஃது அங்ஙனம் அமைந்திலது.

தண்பொருநைக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் வாழும் அன்பர் ஒருவர் தமிழாசிரியராய்ப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அன்னையார் எழுத்துக் கூட்டிப் படிக்குமளவே கற்றவர். ஆயினும் மணமாகி அவ்வீட்டிற் புகுந்த நாள் தொட்டு, விடியுமுன் நீராடித் திருநீறணிந்து திருவாசகத்தில் ஒரு பகுதியேனும் ஓதாமல் அடுக்களை புகுந்ததில்லை. தம் தந்தையார் கொடுத்துவிட்ட கழகப் பதிப்பு ஒன்றே அவருடைய நூல்நிலையம் முழுதும். 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடு ஒன்றேனும் இல்லாத சைவ வீடு அந்நாளில் அப்பகுதியில் அரிது. அவ்வம்மையார் ஓதுவது இசையன்று. பொருளுணர்ந்து நிறுத்தி ஓதுவதும் அன்று. விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு, இருளில் படி இறங்குவார் போல, ஒவ்வொரு சொல்லாக அடிவைத்துச் செல்வார்.

அன்பருக்கு ஓர் இளவல் இருந்தான். 1967ஆம் ஆண்டில் அவனுக்கு வயது எட்டு. அவ்வாண்டு ஆவணித் திங்களில் வீட்டின் பின்புறத்து வைக்கோற்படப்பின் அடியில் ஒரு நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. அவற்றுள் ஒன்று தனக்கு வேண்டுமென்று அவன் கேட்டான். 'சைவ வீட்டில் நாய் எதற்கு?' என்று அம்மையார் மறுத்தார். மீண்டும் கேட்டான், மீண்டும் மறுத்தார். மூன்றாம் முறை கேட்டிலன். பிள்ளை மறந்தான் என வீட்டார் எண்ணினர். அவன் மறந்தானல்லன்; காலையில் தனக்கிட்ட இட்டிலியிற் பாதியைக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு படப்பிற்குச் செல்வானாயினான். புரட்டாசியில் ஒருநாள் குட்டிகளுள் ஒன்று அவன் கையைக் கவ்விற்று. பல் பதிந்த இடம் ஒரு நெல்மணியளவே. சொன்னால் ஏச்சு விழும் என்றஞ்சி அவன் ஒருவரிடமும் கூறிலன். அக்குட்டி சில நாளில் இறந்தது. அதனையும் ஒருவரும் பொருட்படுத்திலர்.

கார்த்திகையிற் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. கையில் அவ்விடம் குறுகுறுக்கின்றது என்றான். மறுநாள் தண்ணீர்க் குவளையைக் கண்ட அளவில் தொண்டை இறுகி உடல் நடுங்கிற்று. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற பின்னரே, மருத்துவர் கேட்க, நடந்ததைச் சொன்னான். மூன்றாம் நாள் உயிர் நீத்தான்.

வெறிநாய்க்கடியின் இயல்பு இதுவே. கடித்த வாயின் உமிழ்நீரிலுள்ள நோய்நுண்மி நரம்பின் வழியே மூளையை நோக்கி மெல்ல ஊர்கின்றது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று திங்களாகும். அவ்விடைக்காலம் முழுதும் மருந்துக்கு இடமுண்டு. நோய்க்குறி தோன்றிவிட்டாலோ காப்பாற்றுதல் ஏறத்தாழ இயலாதது. பாசுட்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டிலேயே இதற்குத் தடுப்பூசி இட்டு ஒரு சிறுவனைக் காத்தார். அவர் பெயரால் 1907இல் குன்னூரில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. ஆட்டின் மூளையினின்று அந்நாளில் மருந்து ஆக்கினர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றால் சிறுவரேயன்றிப் பெரியோரும் நடுங்குவர். நடுங்கினும் அது உயிர் காத்தது. இளவல் வாய் திறந்திருப்பின் அப்பதினான்கு ஊசியும் அவனுக்குக் கிடைத்திருக்கும். இதனை மருத்துவர் அம்மையாரிடம் மறைக்காது கூறினார். கூறாதிருந்திருக்கலாம்.

அம்மையார் ஒரு திங்கள் நூலைத் திறந்திலர். மார்கழி பிறந்தது. தெருவில் திருவெம்பாவை ஓதிச் செல்வார் குரல் கேட்டு ஒருநாள் எழுந்து நீராடி, பழைய இடத்தில் விளக்கேற்றி அமர்ந்தார். திருவெம்பாவை 20 பாடல்களும் முடிந்தபின் சிவபுராணத்தை எடுத்தார். அதன் 95 அடிகளுள் நாய் என்னுஞ் சொல் வருமிடம் எதுவென்பதை, பன்னிரண்டு வயதினனாய்ப் பக்கத்தறையிற் பாயிற் கிடந்த மூத்த மகன் அறிவான். நாள்தோறும் உறக்கத்தினூடே கேட்ட பாட்டன்றோ? அன்னை அச்சொல்லை விட்டு ஓதுவாரோ, அன்றி அவ்விடத்தே அழுதுவிடுவாரோ என்று மூச்சடக்கிக் கேட்டிருந்தான். அவ்விடத்தில் அம்மையார் நின்றார். விளக்குத் திரியை ஒருமுறை தூண்டும் நேரம் இருக்கும். பின் அச்சொல்லைச் சொன்னார், சொல்லி மேற்சென்றார்.

அன்று தொட்டு, 2021ஆம் ஆண்டில் தமது 91ஆம் வயதிற் சிவனடி சேருங்காறும், ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அச்சொல்லை அவர் விட்டதில்லை. அவ்விடத்தில் ஒரு கணம் நில்லாமற் கடந்ததும் இல்லை. தெருவில் நாய் குரைத்தாற் கதவைச் சாத்திக்கொள்வார். நாயைக் கல்லெறிந்து விரட்டினாரென்பதும் இல்லை, ஒரு பிடி சோறு இட்டாரென்பதும் இல்லை. அவ்வுயிர் உலகில் இல்லாதது போலவே நடந்துகொண்டார். வீட்டினுள்ளோ நாள் தவறாது தம்மை அப்பெயராலேயே அழைத்துக்கொண்டார். 'உனக்கு வருத்தமாயிருந்தால் தேவாரம் ஓதலாமே' என்று கணவர் ஒருகால் தயங்கித் தயங்கிக் கூறினார். அம்மையார் மறுமொழி கூறிலர். மறுநாள் விடியலிலும் சிவபுராணமே கேட்டது.

மூத்த மகன் கல்லூரியில் தமிழ் கற்ற நாளில், புதிதாகக் கற்ற செருக்கோடு, 'அம்மா, அங்கே நாய் என்பது விலங்கைக் குறித்ததன்று. தாழ்வு என்னும் பண்பைக் குறித்தது' என்று விளக்கப் புகுந்தார். அம்மையார் முறத்திலிருந்த அரிசியினின்றும் கண்ணெடாமலே, 'அவன் கேட்டது அதுதானே, ஐயா' என்றார். அதற்குமேல் ஒன்றும் கூறிலர். இறந்துபோன பிள்ளையைப் பற்றி அவர் வாயினின்று பின்னர் எழுந்த சொல் அவ்வொன்றே என்பர் அவ்வீட்டார்.

அம்மொழியைத் துயர மிகுதியாற் பிறந்த ஒரு பேச்சாகவே மகனார் நெடுங்காலம் கொண்டிருந்தார். திருவாசகத்தைப் பிறர்க்குப் பாடஞ்சொல்லும் தகுதி பெற்ற பின்னரும் அதன்கண் ஒரு பொருள் இருக்குமென அவர்க்குத் தோன்றிலது. அடிகளார் எங்கே, அன்னையார் எங்கே? குருந்தமரத்தடியில் இறைவனே குரவனாய் வந்து ஆட்கொள்ளப்பெற்ற ஒருவர் தம் சிறுமையை நினைந்து கூறியது அச்சொல். பிள்ளையை இழந்த ஒருத்தியின் மனம் பற்றிக்கொண்டதோ அதன் ஒலியை மட்டுமே என்பது அவர் துணிபு. கற்றார் பலரும் அவ்வாறே துணிவர். அத்துணிபில் ஒரு குறையுண்டு. அம்மையார் அச்சொல்லைக் கேட்டவரல்லர், சொன்னவர். பிள்ளை கேட்டதை மறுத்த வாய் அவருடையது. அவன் விரும்பியதன் பெயரும் அவனைக் கொன்றதன் பெயரும் ஒன்றாய் நிற்க, அப்பெயரை வெறுப்பதானால் அவன் விருப்பத்தையும் உடன் வெறுத்தல் வேண்டும். விரும்புவதானால் அவன் சாவையும் உடன் ஏற்றல் வேண்டும். இரண்டும் இயலாத ஒருத்தி அதனைத் தன் பெயராகக் கொள்வதன்றி வேறு யாது செய்வாள்? அச்சொல்லை விலங்கென்றோ பண்பென்றோ கூறாமல் 'நான்' என்னும் இடத்தில் வைத்து ஓதும் நூல் அவர் கையில் முன்னமே இருந்தது. இதனை அவர் எண்ணித் தேர்ந்தாரென்று கூறுதல் மிகை. அந்நூலன்றி வேறு நூல் அவரிடம் இல்லை. இருந்த ஒன்று போதியதாயிற்று.

இதெல்லாம் மகனார் உணர்ந்தது பேத்தியால்.

மகனும் மருமகளும் நகரத்திற் பணிபுரிய, பேத்தி தாத்தாவிடத்திலேயே வளர்பவள். பெரிய ஆச்சி என்று அவள் அழைத்த அம்மையாரின் மடியிலிருந்து, வரியின் மேல் ஊரும் அவர் விரலைத் தொடர்ந்தே எழுத்துக் கற்றாள். அம்மையார் மறைந்த பின் சின்னாள் வீடு விடியலிற் பேச்சற்றுக் கிடந்தது. ஒருநாள் சிறுமி தானே அந்நூலை எடுத்துவந்து அவ்விடத்தில் அமர்ந்து சிவபுராணத்தை உரக்கப் படிக்கலானாள். அச்சொல் வருமிடத்தில் அவளும் ஒரு கணம் நின்று பின் மேற்சென்றாள். அவ்வாறு நிற்பதும் பாட்டின் ஓர் உறுப்பு என்பதே அவள் எண்ணம். முன்றிலில் நின்ற தாத்தா அதனைக் கேட்டுக் கிணற்றடிக்குச் சென்று வெகுநேரம் வந்திலர்.

அவளுக்கு ஒன்பது வயது நிரம்பியபோது நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்றாள். கோயில் நந்தவனத்து மதிற்புறத்தில் ஒரு நாய் குட்டிகள் ஈன்றிருந்தது. தாத்தா வேண்டாவென்றார், காரணங் கூறிலர். இறந்த இளவலின் பெயரே அவ்வீட்டில் வழங்காதாகலின், அவள் அவ்வரலாற்றை அறியாள். நகரத்திலிருந்து தொலைபேசியிற் பேசிய தகப்பன், சிறுமியின் அழுகையைத் தாளாமல், சிப்பிப்பாறை, இராசபாளையம், கோம்பை என்று பெயர்பெற்ற குலத்து நாயொன்றை வாங்கித் தருவதாக ஆறுதல் கூறினான். அவளுக்கு நந்தவனத்துக் குட்டியே வேண்டும். இவ்வாறு சில நாட்கள் கழிந்தன. பின் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதே தாத்தாவை அச்சுறுத்திற்று. ஒருநாட் காலை அவள் தோசையைப் பிட்டு ஒரு பாதியைத் தாளில் மடித்துப் பள்ளிப்பையிற் செருகுவதை அவர் கண்டார். அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பிலர். திண்ணையில் அருகிருத்தி, ஐம்பது ஆண்டுகட்கு மேலாகச் சொல்லாத வரலாற்றை, பெயரும் ஊரும் ஆண்டும் ஒன்றும் விடாது முற்றச் சொன்னார். சொல்லி முடித்தபின் அவள் ஒன்றும் பேசாது வலக்கையை நீட்டினாள். மணிக்கட்டின் கீழ் ஒரு கீறல் இருந்தது. இரண்டு நாளாயிற்று என்றாள். அவள் அதனைக் காட்டியது தாத்தா சினவாமையாலோ, கதையின் முடிவை அஞ்சினமையாலோ, கூறல் அரிது.

சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, உடனே அரசினர் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். இப்போது தொப்புளைச் சுற்றி ஊசியில்லை. மூளையினின்று ஆக்கிய அப்பழைய மருந்து நாட்டில் 2005ஆம் ஆண்டளவிற் கைவிடப்பட்டது. உயிரணுக்களில் வளர்த்து ஆக்கும் மருந்தே இன்று வழங்குவது. மேற்கைகளில் தோலினுள் இடும் சிற்றூசி. முதலூசியிட்ட நாளினின்று 3ஆம் நாளும் 7ஆம் நாளும் 28ஆம் நாளும் மீண்டும் செல்லல் வேண்டும். காத்திருந்த வேளையில் சிறுமி அங்கிருந்த செவிலியரிடம் பதினான்கு ஊசியைப் பற்றிக் கேட்டாள். அவ்வம்மையார் அதனைக் கேள்விப்பட்டதுமில்லை. தாத்தா ஊசியைப் பாராமற் சுவரைப் பார்த்து நின்றார். முதன்முறை ஊசியிட்ட மாலையிலேயே இருவரும் நந்தவனத்துக்குச் சென்றனர். குட்டிகள் நலமாயிருந்தன. இருபத்தெட்டாம் நாள் சென்றபோதும் நலமாகவே இருந்தன. அன்று ஒன்று வீட்டிற்கு வந்தது.

நாயை வீட்டில் வைத்துப் பார்த்த பின்னர் அச்சொல்லின் பொருள் பெருகிற்றென்று அன்பர் கூறுவதுண்டு. பெருகியது எவ்வாறென வினவினால் அவர் சித்தாந்தங் கூறார். குட்டி செய்வதைக் கூறுவார். அதட்டினால் ஓடாது, அதட்டியவர் காலடிக்கே வந்து படுக்கின்றது. சோறிட்டவரை நோக்கி வாலாட்டும் அதே வாய், சோற்றுத்தட்டை எடுக்கப் போனால் உறுமுகின்றது. இரண்டும் ஒரு நாழிகைக்குள். அடிகள் தம்மை அந்தப் பெயராற் குறித்தபோது வாலாட்டுதலை மட்டுமா நினைந்தார், உறுமுதலையும் சேர்த்தே நினைந்திருப்பாரல்லரோ என்பது அவர் வினா. தாழ்வு குறித்தது என்று உரை எழுதி நெடுநாள் மாணாக்கர்க்குக் கொடுத்தவர் அவரே. குட்டிகள் கண்மூடிப் பிறப்பது ஏன் என்று பேத்தி ஒருநாள் கேட்டாள். ஏறத்தாழ இரண்டு வாரத்திற் கண் திறக்குமென்றும், இமையின் உள்ளே கண் முன்னமே இருக்கின்றதென்றும் கூறினார். மலமறைப்புக்கு இதனினும் நெருங்கிய உவமை எளிதிற் கிடையாது. ஆயினும் அவளுக்கு அதனைக் கூறிலர். அவள் கேட்டது குட்டியைப் பற்றியே.

அம்மையார் இருந்திருப்பின் நாய் வீட்டிற்கு வருதற்கு இசைந்திருப்பாரோ என்று உறவினர் கேட்டனர். சிலர் வெளிப்படையாகவே குறை கூறினர். இசைந்திரார் என்பதே மகனார் எண்ணம், அதனை மறைத்திலர். நாய் திண்ணையளவே வரலாம், நடுவீடு புகலாகாது என ஒரு வரம்பும் இட்டார். விடியலிற் சிறுமி ஓதும்போது அது நிலைப்படிக்கு அப்பால் முன்னங்கால்களின் மேல் முகம் வைத்துக் கிடக்கும். அச்சொல் வருமிடத்தில் அவள் இன்றும் நிற்கின்றாள். ஏன் நிற்கவேண்டுமென்பதை அறிந்த பின் சற்றே நீள நிற்கின்றாள்.

ஒரே ஒரு செய்தியில் தாத்தாவுக்கு மனக்குறை இருந்தது. சிறுமி அதற்கு மணி என்று பெயரிட்டாள். திருவாசகம் ஓதும் வீட்டில் மணிவாசகப் பெருமான் திருப்பெயரின் ஒரு பகுதியை நாய்க்கு இடுவதாவது என்று அவர் தடுத்தார். 'எல்லா நாய்க்கும் மணிதானே பெயர், தாத்தா' என்றாள். வேறு பெயர் இரண்டு மூன்று கூறிப் பார்த்தார். நாய் அவற்றுள் ஒன்றிற்கும் திரும்பிலது. மூன்று திங்கள் நிரம்பியபின் கால்நடை மருந்தகத்தில் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி இட்டனர். அங்குள்ளார் அட்டையில் எழுதப் பெயர் கேட்டபோது, சிறுமி முந்துமுன் தாத்தாவே அப்பெயரைச் சொன்னார். ஓராண்டு கழித்து இடவேண்டிய ஊசியின் நாளும் அதன் கீழ்க் குறிக்கப்பட்டுள்ளது.